கச்சானுக்கு முதுகு காட்டி

வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால் புரட்டாசி வரை கற்பிட்டிக் கண்டக்குழியின் மேற்குக் கரையில் வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாட்டு. நான் சிறுவனாக இருந்தபோது அந்த மாதங்கள் எங்கள் வீடுகளுக்குக் கடன் காலம். ஆண்கள் வாசலில் குந்தியிருந்து வலை பொத்துவார்கள். கடைக்காரரின் கொப்பியில் கணக்கு நீண்டுகொண்டே போகும். இன்று அதே காற்றைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் கொளுவிக்கொண்டு, கப்பலடிக் களப்பில் பலகையின்மேல் பறக்கிறார்கள். எங்களைப் பட்டினி போட்ட காற்றுக்கு இப்போது இரவு வாடகை உண்டு.

அவர்கள் தங்கும் கூடாரங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் பெரியப்பா வாடி என்னும் மீனவர் குடில் போட இடம் பார்த்த விதம் நினைவுக்கு வரும். கச்சான் காலத்தில் மேற்குக் கரைக் குடும்பங்கள் பல, சட்டி பானையோடு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி போட்டன. வாடைக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் ஆட்கள் எங்கள் பக்கத்துத் தீவுகளுக்கு வந்தார்கள். பத்தலங்குண்டிலும் உச்சமுனையிலும் கிடுகு வாடிகள் நிறைந்துவிடும். ஆகவே, வெறும் மணலில் பெண்டு பிள்ளைகளோடு மாதக்கணக்கில் தங்குவதற்கு இடம் தேர்வது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

பெரியப்பா முதலில் அடம்பன்கொடியைத்தான் பார்ப்பார். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆனால் காற்று தள்ளும் அலை அதை மதிக்காது. அடம்பன் நிலைத்துப் படர்ந்திருக்கும் இடத்துக்கு மேலே போனால் கடல் சாதாரணமாக வராது. அதற்கும் மேலே ராவணன் மீசை பிடித்த மணல்மேடு. மேட்டின் உச்சியில் ஒருபோதும் கம்பு நட விடமாட்டார். அதன் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டித்தான் வாடி. “கச்சானுக்கு வாசலத் தொறந்தா சோத்துல பாதி மணல்தான், மகன்” என்பார். தென்னை நிழல் குளிர்ச்சி என்று யாராவது சொன்னால், தேங்காய் விழுகிற உயரத்தை அண்ணாந்து காட்டுவார்.

அடுத்தது தண்ணீர். கற்பிட்டித் தீபகற்பத்தில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. மேலோட்டமாகத் தோண்டினால் குடிக்கலாம், ஆழமாகப் போனால் உப்பு ஏறிவிடும். பெரியப்பா முழங்கை அளவு தோண்டி, ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பெண்களை வள்ளத்திலிருந்து இறங்கச் சொல்வார்.

கடைசியாக அவர் பார்ப்பது பாடு. கரைவலை இழுக்கும் கரைத்துண்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வலை வளைக்கும் இடம், இரண்டு பக்கமும் கயிறு இழுப்பவர் நிற்கும் இடம், மீன் கொட்டிப் பங்கு பிரிக்கும் இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். யாருடைய பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்காமல் அவர் ஒரு கம்புகூட ஊன்றியதில்லை. வந்தவன்தான் கேட்க வேண்டும் என்பது அந்நாளைய ஒழுங்கு.

குடும்பமாகக் கூடாரத்தில் இருப்பதன் சந்தோசத்தை நான் அறிந்தது தலவிலவில். புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வரும். நாலு திசையிலிருந்தும் லொறிகள் வந்து மரங்களுக்கடியில் நிற்கும். லொறியின் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் வீடு, மூன்று கல் வைத்தால் அடுப்படி. தமிழும் சிங்களமும் கலந்து பேசும் அயலவர் ஒரு வாரத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். சக்கரத்தில் ஓடும் வீடு என்று வெளிநாட்டில் இன்று பெரிதாகப் பேசப்படுவதை எங்கள் யாத்திரிகர்கள் பழைய லொறியில் செய்து காட்டினார்கள்.

1990ஐ விட்டுவிட்டு இந்தக் கரையில் கூடாரம் பற்றிப் பேசுவது நியாயமாகாது. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். மழைக்காலம். அடம்பனும் பார்க்கவில்லை, காற்றும் பார்க்கவில்லை. கிடைத்த மணலில் கிடுகுக் கொட்டில் எழும்பியது. ஆலங்குடாவில் அந்த முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அதே ஆலங்குடாக் கடற்கரையில் இப்போது, கிடுகுக் குடிலில் இயற்கையோடு வாழலாம் என்று விடுதிகள் அழைக்கின்றன. அங்கே விடுமுறைக்கு வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போர் முடிந்த கையோடு 14 தீவுகளைச் சேர்த்துக் கற்பிட்டியைச் சுற்றுலா வலயமாக்கும் திட்டம் பேசப்பட்டது. அதனால் வந்த நன்மையை மறைக்க மாட்டேன். கார்த்திகை தொடக்கம் சித்திரை வரை கடல் அமைதியாக இருக்கும்போது எங்கள் பையன்கள் ஓங்கில் காட்ட வள்ளம் ஓட்டிச் சம்பாதிக்கிறார்கள். கச்சானிலும் அடுப்பு எரிகிறது. ஆனால் கரைக்குப் போகும் பாதைகள் வேலிக்குள் போய்விட்டன. கயிறு இழுக்க நின்ற இடத்தில் சாய்கதிரைகள். பெரியப்பாவின் ஒழுங்கு தலைகீழாகி, ஊர்க்காரன்தான் இப்போது அனுமதி கேட்டு நிற்கிறான்.

தண்ணீரும் பழைய தண்ணீர் இல்லை. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குக் கொட்டும் உரம் மணல் வழியே நேரே கிணற்றுக்குப் போகிறது. நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிவிட்டதை 1980கள் முதலே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப்பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. காய்ச்சினால் நைத்திரேற்று போகாது, செறிவு இன்னும் கூடும். கைக்குழந்தையோடு கூடாரம் போட வருகிறவர்கள் பால்மா கரைக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள்.

வேனை வீடாக்கிக்கொண்டு வருகிறவர்கள் களப்போரத்து வெளியை நம்ப வேண்டாம். மேலே உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும், அடியில் சேறு. பாலாவி–கற்பிட்டி வீதியோரத்துக் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு நடந்து வருவதே நல்லது. ஏரிக்கரைதான் வேண்டும் என்றால் களப்புக்கு அக்கரையில் வில்பத்து இருக்கிறது. 1938இல் தேசிய பூங்காவான அந்தக் காட்டின் அழகே வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகள்தான். போரினால் 1988இல் மூடப்பட்ட பூங்காவை 2003இல்தான் திறந்தார்கள், அதன் பிறகும் சில காலம் மூடி வைத்திருந்தார்கள். அங்கே வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில் மட்டும், முன்பதிவு செய்து தங்க வேண்டும். நீர் குடிக்க யானையும் கரடியும் வரும் கரையில் நம் விருப்பத்துக்கு இடம் தேட முடியாது. காட்டில் மிருகத்தின் பாதையை மறிக்கக் கூடாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். கடற்கரையில் மீனவனின் பாதைக்கும் அந்த மரியாதையைக் கேட்கிறேன்.

பிரதேச சபையும் மீன்பிடித் திணைக்களமும் ஒவ்வொரு பாட்டின் எல்லையையும், கரைக்குப் போகும் ஒவ்வொரு பாதையையும் மூன்று மொழியிலும் பலகை எழுதி நட வேண்டும். அதுவரை, கண்டக்குழிக்கோ குடாவவுக்கோ வருகிறவர்களே, முளை அடிக்குமுன் கரையில் வலை காயப்போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணன், இது யாருடைய பாடு, எங்கே கூடாரம் போட்டால் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை?” அவர் காட்டும் இடத்தில் காற்றும் குறைவாக இருக்கும்.