குயவர் தட்டிப் பாத்தா தெரியும்

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. நேத்து ராத்திரி பஜனைல ஒம் பாட்டு பிரமாதம். சாமி பேரை நீ ஒரு தடவை சொன்னே, ஒம் எக்கோ மிஷினு அஞ்சு தடவை சொல்லிச்சு. கணக்குப் பாத்தா புண்ணியம் மிஷினுக்குத்தான் ஜாஸ்தி.

கொறை சொல்லுதேன்னு நெனைக்காதே. ஆரம்பிக்கதுக்கு முன்னால 'ஹலோ, செக், செக்'குன்னு கால் மணி நேரம் பாடினே பாரு, அதுல ஒரு எழுத்துப் பிசகலை. அபங்கப் பாட்டு வந்த பிறகுதான் வார்த்தை வழுக்கிட்டுது. நடுவுல கண்ணை மூடினே. பக்தியாக்கும்னு நானும் கையெடுத்துக் கும்பிடப் போனேன். பாத்தா, ஒரு கண்ணு பாதி தொறந்து, செல்போன்ல ரெக்கார்டு ஆவுதான்னு பாக்குது. தாளக்காரன் பாவம், மூணு தடவை அடி எடுத்துக் குடுத்தான். ஒம் ஆலாபனை அப்ப கசார்வாடி ஸ்டேஷனைத் தாண்டி தாபோடி போயாச்சு. லோக்கல் வண்டி பிடிச்சுத்தான் திரும்பி வரணும்.

முன்வரிசைல நம்ம பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பாட்டி இருந்தாவல்லா? முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, "ஒங்க தமிழ்ப் பாட்டு ரொம்ப நல்லாருந்துது"ன்னாவ. லேய், நீ பாடினது துக்காராமோட மராட்டிப் பாட்டுலே! அவுக பொறந்ததுலேர்ந்து கேட்ட பாட்டு!

அந்த துக்காராம் நமக்கு அசலூர்க்காரரா? தேஹு இங்கேருந்து ஒரு பஸ் தூரம். மளிகைக் கடை வச்சு, பஞ்சத்துல நொடிச்சுப் போன மனுசன். "அவுகளும் ஒவ்வொரு பாட்டுலயும் தம் பேரைப் போட்டிருக்காவல்லா தாத்தா"ன்னு நீ கேப்பே. போட்டிருக்காவ. தன்னைத் தானே திட்டிக்கிடதுக்கும் அதே பேரைத்தான் கூப்பிட்டாவ. நீ ஃப்ளெக்ஸுல போட்டிருக்க பேரு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பண்டரிபுரம் விட்டலன் படம் தபால்தலை அளவு, ஒம் படம் கதவு அளவு. கீர்த்தனை பண்ணுத எடத்துல சோறுகூடத் திங்கப்படாது, மாலை வாங்கிக்கிடப்படாதுன்னு சொல்லிட்டுப் போனவுக அவுக. நீ பொன்னாடையைப் போத்திக்கிட்டே ரெண்டாந்தரம் கேசரி கேட்டே. கேக்கட்டும், சின்னப் பிள்ளை.

ஆனா ஒண்ணு சொல்லணும். நாமதேவர் ஒன்னையவிடப் பெரிய பாட்டுக்காரர். அவரு பாடினா விட்டலனே எறங்கி வந்து ஆடுவானாம். ஒரு நாளு மகான் ஞானேஸ்வர், அவுக தங்கச்சி முக்தாபாய், நாமதேவர் எல்லாரும் கோரா குயவர் வீட்டுல கூடியிருந்தாவ. அந்தப் பொண்ணு பொல்லாதது. "இந்தப் பானையெல்லாம் வெந்திருக்கா பாருங்க"ன்னு குயவரை ஏவி விட்டுட்டுது. அவரும் பானை தட்டுத பலகையை எடுத்து, வரிசையா ஒவ்வொருத்தர் மண்டைலயும் 'டொக்கு டொக்கு'ன்னு தட்டினாரு. எல்லாரும் பேசாம இருந்தாவ. நாமதேவருக்கு மட்டும் சுருக்குன்னு கோவம் வந்துட்டுது. "இதுதான் வேகாத பானை"ன்னுட்டாரு கோரா. நேரா விட்டலன்கிட்ட ஓடி மொறையிட்டாரு நாமதேவர். சாமியாவது நம்ம பக்கம் பேசுவாருன்னு நெனைப்பு. "குயவன் சொன்னது சரிதான், போயி ஒரு குருவைத் தேடு"ன்னாராம் சாமி. போயி விசோபா கேசரர் காலைப் பிடிச்சாரு. அதே நாமதேவர் பேருலதான் இன்னைக்கும் பண்டரிபுரம் கோயில்ல மொதப் படி இருக்கு. வாற பக்தர் காலடி தம்மேல படணும்னு அவரு கேட்டு வாங்கின எடமாம்.

நேத்து ஒனக்கப்புறம் பாடினானே அடுத்த தெருப் பையன், அவனுக்குக் கைதட்டு கொஞ்சம் கூட விழுந்துது. அப்ப ஒம் மொகம் போன போக்கைப் பாத்தேன். கோரா வரவே வேண்டாம், 'டொக்கு' எனக்கே கேட்டுட்டுது.

நம்ம புனேலயே பாட்டு வித்வான் பீம்சேன் ஜோஷி இருந்தாவ. குரு சவாய் கந்தர்வா வீட்டுக்குத் தண்ணி சொமந்து படிச்சவுக. 1953ல குரு நெனவா விழா ஆரம்பிச்சப்போ குரு பேரைத்தான் வச்சாவ. பீம்சேன் பேரு அதுல ஒட்டினது 2011ல அவுக காலமான பொறவுதான். நீ நேத்து ஒம் பேருலயே ட்ரூப் ஆரம்பிச்சுட்டேன்னு கேள்விப்பட்டேன். நல்லாரு.

ஆனி மாசம் தேஹுலேர்ந்து பால்கி, அதான் துக்காராம் பல்லக்கு, வருமே, அதைப் பாத்திருக்கியா, இல்ல டிராஃபிக் ஜாம்னு திட்டிட்டுப் போயிருக்கியா? 1685ல துக்காராம் மவன் நாராயண மகராஜ் தொடங்கி வச்சது. ஆகுர்டி, பிம்ப்ரி வழியா வந்து, நம்ம கசார்வாடியைக் கடந்துதான் புனேக்குள்ள போவுது. கூட நடக்குத ஒவ்வொரு திண்டிலயும், அதான் பஜனைக் கூட்டத்துலயும், ஒரு வீணைக்காரர் இருப்பாரு. அந்த வீணைல கச்சேரி கிடையாது, சும்மா சுருதிக்கு மீட்டிட்டே நடப்பாரு. ஏழு நாள் பஜனை சப்தாகத்துல அந்த வீணையைத் தரைல வைக்கவே மாட்டாவ. ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாறும்போது ரெண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் தொட்டுக்கிடுவாவ. கெழவன் வாலிபன் காலையும் தொடுவான். நேத்து ஒங்கையிலேர்ந்து மைக்கு மாறினது எப்படி? ரெண்டு பேரு சேந்து புடுங்கினாவ.

கீர்த்தனைக்காரர் ஒரே அபங்கத்தை எடுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் பொருள் சொல்லுவாரு. ஒன்னைய அவ்வளவு கேக்கலை. பாடப்போறதுக்கு முன்னால அந்தப் பாட்டிகிட்ட போயி, ஒவ்வொரு வரியும் என்ன சொல்லுதுன்னு கேளு. உச்சரிப்பையும் அவுகளே திருத்துவாவ. காசு வாங்க மாட்டாவ, கொஞ்சம் திட்டுவாவ.

பால்கி அன்னைக்குக் காலைல வா, நானும் வாறேன். செல்போனை வீட்டுல வச்சுரு. தாளம் ஒரு ஜோடி எடுத்துக்கோ, பின்னால நின்னு தட்டலாம். அந்த ஃப்ளெக்ஸையும் மறக்காம கழட்டிட்டு வா. மழை பெய்யுத மாசம், நாலு பேரு தலைக்குப் பிடிக்கலாம். ஒம் படம் கீழ் பக்கமா இருக்கட்டும், நனையாம இருக்கும்.