சிதறிய முகமும் முகம்தான்

கேள்வி: முகத்தைக் கண்ணாடியில் சிதறடித்து எடுத்த படம் எப்படி உருவப்படம் ஆகும்?

பதில்: புகைப்படக் கலைஞர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1917 வாக்கில் கவிஞர் எஸ்ரா பவுண்டை எடுத்த படம் அப்படித்தான் ஆயிற்று. மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி லென்ஸுக்கு முன்னால் வைத்தார். கவிஞரின் முகம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் விழுந்தது. நேராக எடுக்கத் தெரியாதவரின் சமாளிப்பு இல்லை இது. எழுத்தாளர்கள் பெர்னார்ட் ஷாவையும் ஹென்றி ஜேம்ஸையும் உரித்துவைத்தாற்போல் எடுத்து, 1913-இல் புத்தகமே போட்டவர் அவர். அடையாளம் தொலைந்தது என்பீர்கள். அந்தக் கூர்தாடி போதாதா? சுழலையே கலையின் வடிவமாகக் கொண்டாடிய வோர்ட்டிசிசக் குழுவின் குரல் பவுண்ட். அசையாத முகம் அவரைப் பாதிதான் சொல்லியிருக்கும். ஆனால் பவுண்டே இந்தக் கண்ணாடிப் படக்கலையை ஓவியத்துக்கு ஒரு படி கீழே வைத்தார். இதில் கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு இல்லை என்பது அவர் வாதம். கண்ணாடிகளைக் கோணம் பார்த்துப் பொருத்தியது கையல்லாமல் வேறென்ன?