பேய் சொன்ன சாட்சி

தங்கத்தில் தேங்காய் செய்தால் அதை உருட்டத்தான் முடியும், தூக்கி எறிய முடியாது. முதலாம் குலோத்துங்கன் உருட்டினான் என்றுதான் புலவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜெயங்கொண்டார் அவன் சபையில் கலிங்கத்துப் பரணியை அரங்கேற்றினாராம். ஒவ்வொரு தாழிசை முடிந்ததும் மன்னன் ஒரு தங்கத் தேங்காயைப் புலவர் பக்கம் உருட்டி விட்டானாம். பரணியில் தாழிசைகள் கிட்டத்தட்ட 600. இதே குலோத்துங்கனுக்குத்தான் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். வரும்படியை நிறுத்திவிட்டு 600 தங்கத் தேங்காய்க்கு உத்தரவு போட்டால் கருவூலக் கணக்கர் எந்தத் தூணில் முட்டிக்கொண்டிருப்பாரோ!

தேங்காய்க் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அன்று சபையில் நடந்தது முழுநீளப் பேய் நிகழ்ச்சி என்பதில் சந்தேகம் வேண்டாம். நூல் கையில் இருக்கிறது. சபை கூடிய இடம் கங்கைகொண்ட சோழபுரம் என்றே வைத்துக்கொள்வோம், தலைநகர் அதுதானே. இன்றைக்கு அது அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் கவிஞரை உள்ளூர்க்காரராக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அவர் தீபங்குடிக்காரர் என்று அறிஞர்கள் குறுக்கே விழுவார்கள். விழட்டும்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கூத்து புதிதும் அல்ல. கொள்ளிடக் கரையில் இருக்கிற காமரசவல்லிக் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கலைஞருக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள். வேலை என்ன? மார்கழித் திருவாதிரைக்கு மூன்று தடவை, வைகாசித் திருவாதிரைக்கு மூன்று தடவை சாக்கைக் கூத்து ஆட வேண்டும். ஆக வருஷத்துக்கு ஆறு ஆட்டம், அதற்குக் காணி நிலம், ஒப்பந்தம் கல்லில். இன்றைய நாடகக் குழுக்காரர் யாராவது இதைப் படித்தால் கல்வெட்டைக் கட்டிக்கொண்டு அழுவார்.

பரணிக்கு வருவோம். ஜெயங்கொண்டார் எடுத்த எடுப்பிலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் 'கடை திறப்பு'. ஊடல் கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட பெண்களிடம், திறங்கள் அம்மா, திறங்கள் அம்மா என்று ஒரே கெஞ்சல். சிருங்காரம் சொட்டுகிறது. சபையோர் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்ட நேரம் பார்த்து ஆளை அப்படியே தூக்கிப் பாலை நிலத்தில் போடுகிறார். அங்கே தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, காடே கரிந்து கிடக்கிறது. அதன் நடுவில் காளி கோயில். வாசலில் வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து அம்மன் கையில் கொடுக்கிறார்கள். கொடுத்த தலை துதி பாடுகிறது. தலை போன உடம்பு கும்பிட்டபடி நிற்கிறது. வெற்றிலை மென்றவர்கள் மெல்லுவதை நிறுத்தியிருப்பார்கள்.

(பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் பக்தர்களைப் பார்ப்பாள். மற்ற நாள்களில் பெரியசாமி மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். பரணியின் காளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்கு வாரத்தில் ஏழு நாளும் தர்பார்.)

இனித்தான் பேய்கள் வருகின்றன. பயமுறுத்தும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். ஜெயங்கொண்டாரின் பேய்கள் பட்டினி கிடக்கின்றன. வயிறு முதுகோடு ஒட்டி, எலும்பு துருத்திக்கொண்டு, வாய் மட்டும் குகை மாதிரி திறந்திருக்கிறது. ஒன்று நொண்டி, ஒன்று குருடு, ஒன்று செவிடு. சோழர்களின் பழைய போர்க்களங்களுக்கு விருந்து சாப்பிடப் போன இடத்தில் அடிபட்டவை. அதற்கப்புறம் பெரிய போர் நடக்காததால் சாப்பாடும் இல்லை. எல்லாம் சேர்ந்து காளியிடம் மனுக் கொடுக்க வந்திருக்கின்றன.

அந்த நேரம் பார்த்து ஒரு கிழப்பேய் வந்து சேர்கிறது. காளி தண்டித்துவிடுவாள் என்று பயந்து இமயமலைக்கு ஓடிப்போயிருந்த பேய் அது. போன இடத்தில் சும்மா இருக்காமல் இந்திரசாலம் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறது. தாயே, மன்னித்து, கற்ற வித்தையைக் கொஞ்சம் பார்த்தருள வேண்டும் என்று கும்பிடுகிறது. காளி சம்மதிக்கிறாள். வெறும் கையைக் காட்டுகிறது பேய். பார்த்தால் கை நிறைய யானைத் துதிக்கைகள். இன்னொரு கைக்கு மாற்றினால் அவையே யானைத் தலைகள். குருதி ஆறாக ஓடுகிறது. தலையில்லாத உடல்கள் எழுந்து ஆடுகின்றன. முழுப் போர்க்களமும் கண் முன்னால்!

எத்தனையோ காலமாகச் சோறு காணாத கூட்டத்துக்கு இதைக் காட்டலாமா? பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடுகின்றன. பிணத்தை அள்ளி வாயில் போட்டு மெல்லுகின்றன. வாயில் ஒன்றும் இல்லை. பல்லோடு பல் மோதுகிறதுதான் மிச்சம். குருதியைக் கையில் ஏந்திக் குடித்தால் கை காய்ந்து கிடக்கிறது. கடைசியில், தாயே, இதை நிறுத்தச் சொல், இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்று காளியின் காலைப் பிடிக்கின்றன. ஏற்கெனவே செத்தவை!

உளவியல் திகில் என்று இன்றைய நாடகக்காரர்கள் மேடையை இருட்டாக்கி, ஒற்றை விளக்கைப் போட்டு, சுவரோரம் ஒரு நாற்காலியை ஆட்டிக் காட்டுகிறார்கள். ஜெயங்கொண்டாருக்கு விளக்கும் இல்லை, நாற்காலியும் இல்லை. பார்வையாளனுக்கு எது இல்லையோ அதை இருப்பதாகக் காட்டிப் பறித்துவிட்டார், அவ்வளவுதான். பேயே பார்வையாளனாக உட்கார்ந்து பயந்த நாடகம் உலகத்தில் வேறு எங்கே உண்டு?

இனி வருவதுதான் பரணியின் அசல் சூழ்ச்சி. இந்திரசாலம் முடிந்ததும் அடுத்த பகுதிக்குப் பெயர் 'இராச பாரம்பரியம்'. அதே கிழப்பேய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இமயத்தில் கரிகாலன் எழுதி வைத்திருந்த சோழர் வம்சாவளியைப் பார்த்தேன் என்று ஆரம்பிக்கிறது. திருமாலில் தொடங்கி, இன்னாருக்கு இன்னார் மகன் என்று இறங்கி, கடைசியில் குலோத்துங்கனிடம் வந்து நிற்கிறது. பிறகு 'அவதாரம்' என்று தனிப் பகுதியே போட்டுத் திருமாலே குலோத்துங்கனாகப் பிறந்தார் என்று முடிச்சுப் போடுகிறார் கவிஞர்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? குலோத்துங்கன் அப்பா வழியில் சோழன் அல்ல. அப்பா வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியர் ராஜராஜ நரேந்திரன். அம்மா அம்மங்கை தேவிதான் ராஜேந்திர சோழனின் மகள். 1070-ல் அதிராஜேந்திரன் குழப்பத்தில் இறந்துபோக, மகள் வயிற்றுப் பேரன் சிம்மாசனத்தில் ஏறினார். நாற்பது வருஷம் ஆண்ட பிறகும், 'இவர் எப்படிச் சோழர்?' என்று எங்காவது ஒரு திண்ணையில் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஜெயங்கொண்டார் கூப்பிட்ட சாட்சி, ஒரு பேய். ஆவணம் இருப்பது இமயமலையில். குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்குள் சபையே வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. பயந்து போனவனிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான் என்பதை மேடை ஏறிய ஒவ்வொருவரும் அறிவார்கள், அரசியல் மேடை உட்பட.

பரணி பாடுகிற கலிங்கப் போர் நடந்தது 1110 வாக்கில். கலிங்க மன்னன் கப்பம் கட்டவில்லை என்று புகார். அந்த மன்னன் அனந்தவர்மன் சோடகங்கனும் ராஜசுந்தரி என்ற சோழ இளவரசியின் மகன்தான். ஆகவே இது சோழ வீட்டு மகள்களின் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நடுவில் நடந்த பாகத் தகராறு மாதிரிதான். குலோத்துங்கன் நேரில் போகவில்லை, தளபதி கருணாகரத் தொண்டைமானை அனுப்பிவிட்டார். கலிங்க மன்னனோ ஓடி ஒளிந்துகொண்டான் என்கிறது பரணி. செத்தது, வழக்கம்போல, மற்றவர்கள்.

தப்பிக்கப் பார்த்த கலிங்கச் சிப்பாய்கள்தான் இந்த நூலின் நிஜமான நடிகர்கள். ஒருவன் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையில் குளிக்க வந்தவன் சுவாமி, வழியில் மாட்டிக்கொண்டேன் என்கிறான். இன்னொருவன் தலையை மழித்து, ரத்தத்தில் நனைந்த துணியைக் காவியாகப் போர்த்திக்கொண்டு, உடையைப் பார்த்தால் தெரியவில்லையா, நான் பௌத்த பிட்சு என்கிறான். உடுப்பைப் பறிகொடுத்து நின்றவர்கள் சமணத் துறவிகளாகிவிட்டார்கள். யானை மணியைக் கழற்றித் தாளம் போட்டுக்கொண்டு, நாங்கள் தெலுங்குப் பாட்டுக்காரர்கள், சண்டையைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டோம் என்று கும்பிட்டவர்களும் உண்டு. ஒத்திகை இல்லை, ஒப்பனை அறை இல்லை, வசனம் தப்பினால் தலை போகும். ஜெயங்கொண்டார் இதைச் சிரிக்கத்தான் எழுதினார். சபையும் சிரித்திருக்கும். எனக்கு முழு நூலிலும் வயிற்றைப் பிசைகிற இடம் இதுதான்.

அப்புறம் 'களம் பாடியது' என்ற பகுதியில் பேய்களுக்குச் சமையல். யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, குருதி ஆற்றில் குளித்துவிட்டுக் கூழ் காய்ச்சுகின்றன. இறந்த வீரர்களின் பல்தான் அரிசி, முரசுதான் உரல். பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று தனித்தனியாக உபசாரம். ஒருபொழுது மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் விழாமல் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்கள். பேயானாலும் ஆசாரம் போகவில்லை என்று எழுதுகிற துணிச்சல் அந்தக் காலத்தில் இருந்தது. இப்போது எழுதினால் வழக்கு வரும்.

எதைக் கண்டால் அச்சம் பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், புலி, திருடன் வரிசையில் நான்காவதாக அரசனையும் உட்கார வைத்த அந்த மனிதருக்குத்தான் தங்கத் தேங்காய் உருட்டியிருக்க வேண்டும். அரசு நினைத்தால் என்ன ஆகும் என்பதை அரியலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருச்சி மாவட்டத்தில் இருந்தவர்கள் 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி தனி. வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு தடவை மாவட்டம் மாறியவர்கள், கிழப்பேயின் இந்திரசாலத்துக்கா அசருவார்கள்?

நிஜமாகவே பார்வையாளரை நடுங்க வைத்ததாகத் தமிழ் மேடை சொல்லிக்கொள்வது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் எல்லாம் அவர் போட்ட வேஷம். சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து அவர் போட்ட கூச்சலில், பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். இன்னொரு விடியற்காலையில், சனீஸ்வர வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்தி மயங்கி விழுந்து உயிரையே விட்டாளாம். அதற்குப் பிறகு சுவாமிகள் வேஷம் கட்டுவதை விட்டார், எழுத்தும் பயிற்சியும் போதும் என்று இருந்துவிட்டார் என்பது நாடக உலகம் சொல்லிவரும் கதை.

இதே கதையைக் கிரேக்கர்களும் சொல்லியிருக்கிறார்கள். கி.மு. 458-ல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் தன் நாடகத்தில் பழிவாங்கும் தேவதைகளை மேடையேற்றியபோது, குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள், கர்ப்பிணிகளுக்குக் கரு கலைந்தது என்று அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கின்யோல் அரங்கில் எத்தனை பேர் மயங்கினார்கள் என்பதை வைத்துத்தான் நாடகத்தின் வெற்றியை அளந்தார்கள். ஏதென்ஸிலும் தமிழ்நாட்டிலும் அந்தப் பெண்களின் பெயரை மட்டும் யாரும் குறித்து வைக்கவில்லை. நடிகர் எவ்வளவு பெரியவர் என்று காட்ட எப்போதும் ஒரு கர்ப்பிணி கிடைத்துவிடுகிறாள். சுவாமிகள் நிஜமாகவே வேஷத்தைக் கைவிட்டார் என்றால், அந்தக் கதையை விளம்பரமாக எடுத்துக்கொள்ளாமல் பாரமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இன்று மாளிகைமேடு என்ற மண்மேடு. கோயிலின் வெளிமதில் கல்லை 1836-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் கலிங்கத்துப் பரணியின் உரைப்பதிப்பு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கோயில் புல்வெளியில் உட்கார்ந்து இந்திரசாலத்தையும் களம் பாடியதையும் படியுங்கள். இராச பாரம்பரியத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம், ஏன் என்று கேட்க ராஜா இல்லை.