தண்டலுக்கே என் ஓட்டு

சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் போடலாமா கூடாதா என்ற சண்டையில் ஆரம்பித்தது இந்தத் தேர்தல்.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவே இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வைத்தார்கள். தோட்டத்துக்கு அந்த யோகம் இல்லை. இருந்த பெயரையும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள்கள் காப்பார், கிள்ளான், ரவாங், பூச்சோங் என்று திசைக்கொருவராகப் போய், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மறுபடி ஒன்று சேர்ந்தோம். லயத்தில் குடியிருந்தபோது வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு பலகையாவது இருந்தது. இங்கே அதுவும் கிடையாது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது காலை பத்து மணிக்கே ஊருக்குத் தெரிந்துவிடும், படத்துடன்.

ஒருநாள் அந்தக் குழுவில், 'அம்மா காலமானார். நல்லடக்கம் நாளை மதியம் 2 மணிக்கு' என்று ஒரு செய்தி வந்தது. அதற்குக் கீழே மளமளவென்று கட்டைவிரல்கள் எழுந்தன. எங்கள் ஆள்களிடம் கட்டைவிரலுக்கு அர்த்தமே வேறு. 'பார்த்துவிட்டேன், வந்துவிடுகிறேன், வேனில் இடம் இருந்தால் சொல்லு' என்பதன் சுருக்கம் அது. மெல்பர்னில் படிக்கும் பேத்திக்கு அது எப்படித் தெரியும்? "பாட்டி செத்ததுக்கு எல்லாரும் லைக் போடுறீங்களா?" என்று பொங்கிவிட்டாள். குழுவே கப்சிப். வெகுநேரம் கழித்து ஒரு மாமா அவளுடைய அந்த வரிக்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

குழுவின் அட்மின் எங்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. பிரம்பு மட்டும்தான் ஓய்வு பெறவில்லை. "போன்ல இருக்கிற கடைச் சரக்கு மூஞ்சி நமக்குச் சரிப்படாது. நம்ம தோட்டத்துக்குன்னு நாமே படம் போட்டுக்குவோம். எது வேணும்னு ஓட்டெடுப்போம்" என்று அறிவித்தார். படம் வரைய என் அக்கா மகனைப் பிடித்தார்கள். பெஸ்தாரி ஜெயாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்குப் படம் வரையத் தெரியும், ஃபேன் ரிப்பேர் தெரியும், வருமான வரி பாரமும் நிரப்பத் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

வாத்தியாரின் யோசனையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19ஆம் தேதி, இரண்டு புள்ளி, ஒரு சிறு கோடு, ஒரு அடைப்புக்குறி, இவற்றைச் சேர்த்து ஒரு சிரிப்பு மூஞ்சியை முன்மொழிந்தாரே, அதற்கும் இதே தலைவலிதான் காரணம். கணினியில் ஒருவர் விளையாட்டாக எழுதியதை இன்னொருவர் வினையாக எடுத்துக்கொண்டார். 1999இல் ஜப்பானில் ஷிகெதகா குரிதா, டோகோமோ நிறுவனத்தின் கைப்பேசிக்காக 176 குட்டிப் படங்கள் செய்தார். பின்லாந்துக்காரர்கள் 2015இல் தங்கள் நாட்டுக்கென்றே படம் போட்டுக்கொண்டார்கள். அதில் நீராவிக் குளியலும் உண்டு, பழைய நோக்கியா போனும் உண்டு. போனுக்குப் படம் போடும்போது மங்குக்குப் போடக்கூடாதா?

மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். அதை உலக அளவிலேயே கொண்டுபோய்விட வேண்டும் என்று துடித்தவர் நம் கட்டைவிரல் மாமாதான். "சேலைக்குக் குடுத்தவன் மங்குக்குக் குடுக்க மாட்டானா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தப் படம் உலகத்துப் போன்களுக்கெல்லாம் போகலாம் என்று முடிவு செய்வது யூனிகோட் கூட்டமைப்பு. அங்கேயும் ஓட்டெடுப்புதான், ஆனால் ஓட்டுரிமை ஆப்பிள், கூகுள் போன்ற பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு. 2018இல் கொசுவுக்கு இடம் கொடுத்தார்கள். 2019 மார்ச்சில் சேலை, ஆட்டோ, அகல் விளக்கு மூன்றும் உள்ளே போயின. அதே பதிப்பில்தான் தமிழின் பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 எழுத்துகள் சேர்ந்தன. ஒன்றில் 320இல் ஒரு பங்கான முந்திரிக்குக்கூட இன்று யூனிகோட்டில் இருக்கை உண்டு.

வாத்தியாருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதற்கும் முன்பே பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று நம் கடைக்கணக்கில் குறிகள் இருந்தன, அவை போனிலும் இருக்கின்றன என்று எடுத்துப் போட்டார். எங்கள் குழுவுக்கு ௸ ஒன்றே போதும். காலையில் ஒருவர் வணக்கம் சொல்வார். மற்ற எல்லாரும் மதியம் வரை மேற்படி.

மாமாவுக்காக அக்கா மகன் யூனிகோட் விதிகளைப் படித்துச் சொன்னான். சாமி படம் கூடாது. குறிப்பிட்ட ஆள் கூடாது. குறிப்பிட்ட கட்டடம் கூடாது. ஆகவே கோயில் மாரியம்மன் போச்சு, புக்கிட் மெலாவத்தி உச்சியில் நிற்கும் 1907ஆம் வருடத்துக் கலங்கரை விளக்கும் போச்சு. இது எல்லாவற்றையும் தாண்டினாலும், கேட்கிற பொருளை உலகம் இணையத்தில் எவ்வளவு தேடுகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை எதோடு ஒப்பிட வேண்டும் தெரியுமா? யானையோடு. மங்கையும் யானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டுக் காட்டினான். யானை மலையாக நின்றது. மங்கு தரையோடு தரையாகக் கிடந்தது. "தாத்தா காலத்துல காட்டுக்குள்ள யானைக்குப் பயந்தோம், இப்ப இங்கயுமா?" என்று மாமா பின்வாங்கினார்.

உள்ளூர்த் தேர்தலே நடக்கட்டும் என்று முடிவானது. புலனத்தில் ஓட்டெடுப்பு வைத்தால் 12 வேட்பாளர்களுக்குமேல் நிறுத்த முடியாது. வந்த மனுக்களோ எக்கச்சக்கம். வேட்புமனுப் பரிசீலனையிலேயே பல தலைகள் உருண்டன.

செம்பனை மரம் அப்படித்தான் அடிபட்டது. ஏற்கெனவே போனில் ஒரு பனை மாதிரி மரம் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்றார்கள். அந்த மரத்தை உலகம் எதற்குப் பயன்படுத்துகிறது என்று கவனியுங்கள்: விடுமுறைக்கு. 'லீவில் இருக்கிறேன், கடற்கரையில் படுத்திருக்கிறேன்' என்று அர்த்தம். இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917இல், பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே. தோட்டத்தின் பெயர் தென்னமரம். அன்றைக்கு நட்ட மரத்துக்கு அடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்க ஆரம்பித்த எங்கள் ஆள்கள், மூன்று தலைமுறையாக நிமிரவில்லை. அந்த மரத்தைப் பார்த்தால் எங்கள் அத்தைக்குக் கடற்கரை ஞாபகம் வருவதில்லை, இடுப்பு வலிதான் வருகிறது. "அதைப் போட்டா நான் குழுவை விட்டே போயிடுவேன்" என்றார். மனு தள்ளுபடி.

மெலாவத்தி மலையின் சாம்பல் லோத்தோங் குரங்குக்கு இடம் கிடைத்தது. தாயும் தகப்பனும் சாம்பல் நிறம். குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். பிள்ளைப்பேறு செய்திக்கு ஆகும் என்று வைத்தார்கள். கம்போங் குவாந்தான் மின்மினிக்கும் இடம். சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரம்பாங் மரங்களில் அவை ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மினுங்குவதைப் பார்க்க உலகமே சம்பான் ஏறி வருகிறது. 'எல்லாரும் ஒத்துக்கொண்டோம்' என்பதற்கு அதை வைக்கலாம் என்றார் வாத்தியார். இந்தக் குழுவில் அதற்கு வேலையே வராதே என்று கவலைப்பட்டோம். அக்கா மகன் விளக்கினான்: அப்படி ஒத்துப் பாடுவதெல்லாம் ஆண் பூச்சிகளாம், பெண் பூச்சியின் கண்ணில் படத்தான் இத்தனை மினுக்கும். உடனே அத்தை, "அப்ப சரி, உங்க மாமா புது பாத்தேக் சட்டை போட்டு படம் அனுப்புறப்ப இதைப் போடலாம்" என்று வழி சொன்னார்.

பெரிய சண்டை மழை மங்குக்குத்தான். மங்கு நிறைய மழைத் தண்ணீர், பின்னால் நனைந்த மரம். வரைந்தது அழகாகவே வந்திருந்தது. ஆனால் அது சந்தோஷமா, துக்கமா? விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்கு வேலை இல்லை. 'சந்தோஷம்' என்றார்கள் ஆண்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிய சுகம் அவர்களுக்கு. 'துக்கம்' என்றார்கள் பெண்கள். அன்றைய சம்பளம் இல்லாமல் கடைக்கடனை எப்படி அடைப்பது என்று அடுப்படியில் விரல் விட்டு எண்ணியவர்கள் அவர்கள். 'பயம்' என்றோம் அப்போது பிள்ளைகளாக இருந்த நாங்கள். அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பார். ஒரே கூரை, ஒரே மழை, மூன்று மூஞ்சி. வாத்தியார் கடைசியில், "படம் இருக்கட்டும். அர்த்தத்தை அவங்கவங்க வீட்ல பேசிக்குங்க" என்று தீர்ப்பு வழங்கினார்.

தண்டல் படத்தைக் கோபத்துக்கென்று வைத்தார்கள். தலையில் தொப்பி, கக்கத்தில் குடை, கையில் டார்ச் லைட். இருட்டு பிரியுமுன்னே தண்டவாளத் துண்டில் மணி அடித்து, பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று வேலைக்கு விரட்டுகிறவர். பையன் பொதுவாகத்தான் ஒரு மீசை வரைந்தான். ஆனால் வெவ்வேறு காலத்துத் தண்டல்களின் வாரிசுகள் எல்லாரும் குழுவில் இருக்கிறார்கள். "இது எங்கப்பாதான். ஆனா தொப்பியை இப்படிச் சாய்ச்சிப் போட மாட்டாரு" என்று ஒருவர். "யார் சொன்னது, இது எங்க தாத்தா" என்று இன்னொருவர்.

ஓட்டெடுப்பு நாள் வந்தது. புலனத்தில் ரகசிய வாக்கு கிடையாது. யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு காட்டிவிடும். போட்ட ஓட்டை மாற்றவும் செய்யலாம். ஆகையால் மாமா முதலில் மின்மினிக்குப் போட்டு, அத்தை பார்த்த பிறகு குரங்குக்கு மாறினார். ஒருவர் எத்தனைக்கு வேண்டுமானாலும் போடலாம் என்றும் அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பெரியம்மா யார் மனமும் நோகக்கூடாது என்று 12 பேருக்கும் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மதியத்துக்குள் விஷயம் புரிந்தது: மேட்டு லயத்தார் மொத்தமாக ஒரு பக்கம், பள்ளத்து லயத்தார் மறு பக்கம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, லயமும் இல்லை. ஓட்டு வங்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

இரவு முடிவு வந்தது. இரண்டு லயமும் ஒன்றுசேர்ந்து ஒருவரை மட்டும் அமோகமாக ஜெயிக்க வைத்திருந்தன. தண்டல். அவரிடம் காலம் முழுக்க ஏச்சு வாங்கியவர்களின் ஓட்டுதான் அதில் அதிகம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தோட்டத்தில் எங்களை யாரும் எதையும் கேட்டதில்லை. எந்த வீடு வேண்டும், எந்த நிரை வேண்டும், மணியை எத்தனை மணிக்கு அடிக்கலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. திருவிழாவுக்கு நாள் குறித்தாலும் துரையிடம் போய் லீவு கேட்டு நிற்க வேண்டும். முதல் தடவையாக எங்களைப் பார்த்து 'உங்களுக்கு யார் வேண்டும்?' என்று ஒருவர் கேட்டார். நாங்கள் தண்டலைக் கேட்டோம். நான் யாருக்குப் போட்டேன் என்று மறைத்துப் பயனில்லை, பெயரோடு இருக்கிறது.

துக்கத்துக்கென்று ஒற்றை விளக்கு ஒன்றும் வேட்பாளராக நின்றது. அதற்காகப் பிரசாரம் செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. பெரியம்மாவின் ஓட்டு மட்டும் விழுந்து, வைப்புத்தொகை இழந்தது. இதற்காகத்தான் தேர்தலே வைத்தோம் என்பது அதற்குள் எல்லாருக்கும் மறந்துவிட்டது. மெல்பர்ன் பேத்தியும் தண்டலுக்கே போட்டிருந்தாள். அடுத்த சாவுக்கும் கட்டைவிரல்தான் எழுந்தது.

தண்டல் மட்டும் பதவியேற்ற நாளிலிருந்து ஓயவில்லை. கோபத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, ஆள் சேர்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் புல் வெட்ட, பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும் என்று முன்பெல்லாம் பக்கம் பக்கமாக வேண்டுகோள் எழுதுவார்கள். வருகிறவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம். இந்த வருடம் வாத்தியார் ஒரு வார்த்தை எழுதவில்லை. சனிக்கிழமை இரவு தண்டல் படத்தைப் போட்டு, பக்கத்தில் '7 மணி' என்று மட்டும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் மட்டும் வரவில்லை. எட்டு மணிக்கு அவரிடமிருந்து குழுவுக்குச் செய்தி வந்தது: "வயித்து வலிங்கையா. பத்து மணிக்குள்ள வந்துடுறேன், அரை நாளாவது போடுங்க."