எச்-இண்டெக்ஸ் கட்டம்

ஆவடிக்கு மேற்கே ஒரு என்ஜினீயரிங் காலேஜில் அல்காரிதம் நடத்துகிறேன். வருஷாவருஷம் வரும் அப்ரைசல் ஃபாரத்தில் ‘எச்-இண்டெக்ஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. கலிபோர்னியாவின் இயற்பியல் பேராசிரியர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் கிளப்பிவிட்ட கணக்கு அது. ஐந்து கட்டுரைகளாவது தலைக்கு ஐந்து மேற்கோளுக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் எச் குறைந்தது 5. 20 வருஷ ஆராய்ச்சிக்கு 20 வந்தால் தேறின ஆள் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

என் ஆறு கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்கள்: 9, 3, 1, 1, 0, 0. விரல்விட்டே சொல்லிவிடலாம். அல்காரிதம் வாத்தியாருக்கு மனசு வருமா? அம்பத்தூர் ஓ.டி.யில் காலேஜ் பஸ் ஏறினதிலிருந்து மடியில் லேப்டாப்பை வைத்துப் புரோகிராம் எழுதி, அதையே வகுப்பிலும் போட்டேன். வரிசைப்படுத்தவே வேண்டாம், ஒரே ஓட்டம். மேற்கோள் எத்தனையோ அந்த எண்ணுள்ள பெட்டியில் கட்டுரையைப் போடு. மேல் பெட்டியிலிருந்து கூட்டிக்கொண்டே இறங்கு. கூட்டுத்தொகை பெட்டி எண்ணை எட்டிய இடத்தில் நில். அதுதான் எச். பெருமையாக ஓட்டினேன். கவிழ்ந்தது.

“சார், ஆறாம் பெட்டி வரைக்கும்தானே இருக்கு? ஒன்பதை எங்க போடுவீங்க?” என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். ஆறைத் தாண்டியதெல்லாம் ஆறாம் பெட்டிக்கே என்ற வரியை விட்டிருந்தேன். அளவுக்கு மீறி எனக்கு வாய்த்தது அந்த ஒன்பது ஒன்றுதான். அதுவும் காலை வாரியது.

திருத்தி ஓட்டினால் விடை 2. கணித மேதை கால்வாவுக்கே 2 தான் என்று சமாளித்தேன். அவர் 1832-ல், 20 வயதிலேயே, துப்பாக்கிச் சண்டையில் போய்ச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லவில்லை. அந்த 3-ல் இரண்டு, நானே என்னைக் காட்டிக்கொண்ட மேற்கோள் என்பதையும்தான். கழித்தால் எச் 1. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரியின் கட்டுரைகளில் தன்மேற்கோள் மிகுதி என்று 2023-ல் ‘சயின்ஸ்’ இதழ் எழுதியபோது, ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும்விட உரக்க “அநியாயம்!” என்றவன் நான்.

ஒன்றா, இரண்டா என்று முடிவாகாமல் கட்டத்தைக் காலியாகவே விட்டு ஃபாரத்தை நீட்டினேன். ஆபீஸ் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கூகுள் ஸ்காலர்லயே கணக்குப் போட்டு வெச்சிருக்குமே சார். சரி, பூஜ்யம்னாலும் பரவாயில்ல, போட்டுடுங்க. காலியா விட்டாத்தான் சாஃப்ட்வேர் எடுத்துக்காது.”