வெள்ளிக்கிழமைப் பிரியாணி: ஓர் ஆராய்ச்சி

அலுவலகப் பிரியாணி இருவகைப்படும்: ஆண்டுவிழாப் பிரியாணி, வெள்ளிக்கிழமைப் பிரியாணி. முன்னது எம்.டி. பேசி முடிப்பதற்குள் ஆறிப்போவது. பின்னது, "இந்த வாரத்துக்குள்ள பாக்கி பில்லை எல்லாம் முடிச்சுட்டா ட்ரீட்" என்ற வாக்கில் பிறப்பது. முன்னதற்கும் உழைப்புக்கும் தொடர்பு இல்லாததால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. பிரியாணி என்றது உபலக்கணம். சைவர்க்குக் கோபி மஞ்சூரியனும் கொள்க.

ஆய்வுக்களமாகப் பத்துப் பேர் கொண்ட கணக்குப் பிரிவொன்றை வைத்துக்கொள்வோம். திங்கள் காலை வெள்ளைப் பலகையில் 142 என்று எழுதியாகிறது. ஒரு பில் முடித்தவர் எழுந்து போய், டஸ்டர் இருக்கையிலேயே, உள்ளங்கையால் அழித்து 141 என்று எழுதுகிறார். புதன்கிழமை டீ கொண்டுவரும் அக்கா, "இன்னும் எத்தனை சார்?" என்கிறார். அவருக்கும் பங்கு உண்டு என்பது அப்போதுதான் முடிவாகிறது. வியாழன் மாலை, இரண்டு மாதமாகப் பேசிக்கொள்ளாத இருவர் ஒரே பைலைக் குனிந்து பார்க்கிறார்கள்.

இவ்வழக்கு புதிதன்று. நூறாண்டுக்கு முன்பே அமெரிக்க உருக்கு முதலாளி சார்லஸ் ஷ்வாப், பகல் ஷிப்டு எத்தனை முறை உலை வார்த்தது என்று கேட்டு, தரையில் சாக்பீஸால் 6 என்று எழுதிவிட்டுப் போனார். இரவு ஷிப்டு அதை அழித்து 7 என்று எழுதியது. அடுத்து வந்த பகல் ஷிப்டு 10 என்று எழுதியது. செலவு, சாக்பீஸ் ஒன்று. பிரியாணிகூட இல்லை. இன்று யாரும் அந்தத் துணிச்சலில் இறங்க வேண்டாம்.

குறுகிய இலக்கு ஏன் எனின், உயிரினம் அப்படி. இரை நெருங்க நெருங்க எலியின் வேகம் கூடும் என்றார் கிளார்க் ஹல், 1932இல். 2006இல் வெளியான ஆய்வொன்றில் கார் கழுவும் நிலையத்தார் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். அட்டை நிரம்பப் பாதிப் பேருக்கு எட்டு முத்திரை தேவை. மீதிப் பேருக்குப் பத்து, ஆனால் இரண்டு இலவசமாக முன்பே குத்தப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே எட்டுதான். முதல் கூட்டத்தில் 19 விழுக்காட்டினர் முடித்தார்கள், இரண்டாவதில் 34. பலகையில் 150 என்று தொடங்கி, எட்டை உடனே அழித்துக் காட்டும் மேனேஜர் இதை அறிந்தவர் என்க.

"எல்லாருக்கும் பொது இலக்கு என்றால் சோம்பேறி தப்பிப்பானே?" என்பாரும் உளர். நியாயமே. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தால் ஒவ்வொருவரும் தனியே இழுப்பதில் பாதியளவே இழுக்கிறார்கள். தேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவரை நம்மூரில் ஆய்வின்றியே அறிவார்கள். மருந்து பலகையில் இருக்கிறது: அழித்து எழுத எழுந்து போகாதவர் யார் என்று அறைக்கே தெரிந்துவிடும்.

இதை முறைப்படுத்தியவர் ஜாக் ஸ்டாக். 1983இல் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், பழைய எஞ்சின்களைச் செப்பனிடும் ஆலையை அவர் உட்பட அங்கே வேலை பார்த்த 13 பேர் வாங்கினார்கள். கைக்காசு ஒரு டாலருக்குக் கடன் 89 டாலர்! அவர் கணக்கேட்டைத் தொழிலாளர் முன் விரித்துவைத்தார். பிறகு, உறுத்துகிற குறை ஒன்றை எடுத்துக்கொண்டு சில வார ஆட்டமாக்கி, ஸ்கோர் போர்டு மாட்டி, வென்றால் சின்னப் பரிசு தருவது அங்கே வழக்கமானது. பெயர் 'மினிகேம்'.

விதிவிலக்கும் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஜனவரிதோறும் விற்பனைப் போட்டி நடத்தியது. ஆனால் அங்கே இலக்கு ஆளாளுக்கு. தவறினால் வேலைக்கே ஆபத்து. வாடிக்கையாளர் கேட்காத கணக்குகள் லட்சக்கணக்கில் முளைத்தன, 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். பிரியாணிக்காகப் பொய்க்கணக்கு எழுதுவோர் அரிது. பயத்துக்காக எழுதுவோர் நிறைய.

மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எண் பூஜ்யத்தைத் தொட்ட அன்றே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளவேண்டாம். இலக்கு புரட்டாசியில் முடிவதாக இருந்தால், பதிலுக்கு என்ன என்பதைத் திங்கட்கிழமையே பலகையில் எழுதிவிடவும்.