நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?

திருநெல்வேலிச் சீமையில் முன்பின் தெரியாத ஒரு கிராமத்துக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தால், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடும். எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன, அம்மா பிறந்த ஊர் எது. நாலாவது பதில் முடிவதற்குள் வந்தவர் யாருக்கோ மச்சினன் ஆகியிருப்பார். அதன்பிறகு எத்தனை வருடம் கழித்துப் போனாலும் அந்த ஊர் அவரை மறக்காது. அவர் மறந்துவிட்ட பழைய கடனையும் மறக்காது.

இணையத்தின் சுபாவம் இதற்கு நேர் எதிர். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட அதே ஆள் அடுத்த நொடியே இன்னொரு பக்கம் கேட்டாலும், செர்வர் அவரை ‘யார் நீ’ என்றுதான் பார்க்கும். எச்டிடிபி என்ற நெறிமுறையின் பிறவிக் குணம் அது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிது. போன பேச்சு போனதுதான். இந்த இரண்டு சுபாவங்களும் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில் ஒருநாள் முட்டிக்கொண்டன.

இதை எழுதுகிறவரை அந்த ஊரில் பெரியவர் முதல் பொடிசு வரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் மாமா என்றே இருக்கட்டும். மாமாவின் தங்கை மகன் மென்பொருள் வேலை பார்க்கிறவன். வேலை சென்னையில் அல்ல, ஊரிலிருந்தபடியே. இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011இலேயே அலுவலகம் போட்டது. குற்றாலச் சாரல் அடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியில் ஒரு நாளைக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தது, மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டதாக அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அத்தனை பேரையும் வாசலில் நிறுத்தி ‘யாரு வீட்டுப் பிள்ளை’ என்று விசாரித்து உள்ளே விடுவது எவ்வளவு பெரிய பந்தி வேலை என்பது, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுத்தவர்களுக்குத்தான் புரியும்.

மருமகன் முதலில் எழுதியது ஒற்றைப் பக்கம். அணைகளின் அன்றைய நீர்மட்டம், அவ்வளவுதான். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. தாமிரபரணிப் பாசனக்காரர்கள் இந்த மூன்று எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். காலையில் செய்தித்தாள் வந்ததும் அணை நிலவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மரணச் செய்திக்கே போவார்கள். இந்தப் பக்கம் முழுவதும் செர்வரிலேயே தயாராகி வந்ததால், திரை கீறிய பழைய போனிலும், ஒற்றைக் கோடு சிக்னலிலும் பளிச்சென்று தெரிந்தது. வந்ததும் கண்ணில் படுவது எண்தான். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமெல்லாம் கிடையாது.

மூன்று அணைக்கும் தகவல் எடுப்பதில்கூட ஒரு சூட்சுமம் இருந்தது. பாபநாசத்தைக் கேட்டு, பதில் வந்தபின் சேர்வலாற்றைக் கேட்டு, அதுவும் வந்தபின் மணிமுத்தாற்றைக் கேட்டால், ஒன்றுக்கு ஒரு நொடி வீதம் மூன்று நொடி. மூன்றையும் ஒரே சமயத்தில் கேட்டால் ஒரு நொடி. அதுவும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் அன்று முழுவதும் போதும், ஏனென்றால் எண் மறுநாள் காலைதான் மாறும். பக்கம் திறக்கிற ஒவ்வொருவருக்காகவும் புதிதாகப் போய்க் கேட்பது, வெள்ளக் காலத்தைத் தவிர, வேலையற்ற வேலை.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். பிசானப் பருவ நெல் அறுப்பு நெருங்கியபோது, கதிர் அறுக்கும் மிஷின் யாருக்கு என்றைக்கு, யார் வாடகை பாக்கி என்பதையும் அதிலேயே போடச் சொன்னார்கள். பாக்கி என்ற சொல் வந்ததும் லாகின் வந்தது.

“ஏல, தண்ணி எத்தனை அடின்னு பாக்கதுக்கு எதுக்குடே பாஸ்வேர்டு?” என்றார் மாமா.

“அதுக்கு வேண்டாம் மாமா. மிஷின் பாக்கிக்குத்தான்.”

“அது ஊருக்கே தெரியுமே.”

“ஊருக்குத் தெரியும். செர்வருக்குத் தெரியாதுல்லா.”

மறதிக்கார செர்வருக்கு ஞாபகம் ஊட்ட 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி ஒரு வழி கண்டுபிடித்தார். வந்தவர் கையில் செர்வர் ஒரு சின்னச் சீட்டைக் கொடுத்துவிடும். அடுத்தமுறை வரும்போது பிரவுசர் அதைத் தானாக நீட்டும். அதுதான் குக்கீ. லாகின் ஆனவருக்குக் கொடுக்கும் சீட்டில் பெயரோ பாஸ்வேர்டோ இருக்காது, யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றுதான் இருக்கும். அந்த எண் யாருடையது என்ற கணக்கு செர்வரிடம். பக்கத்தில் ஓடும் நிரல்கள் அந்தச் சீட்டை எட்டிப் பார்க்காமலிருக்கவும், பூட்டிய இணைப்பில் மட்டுமே அது பயணிக்கவும் தனித்தனிக் குறிகள் உண்டு. மருமகன் இரண்டையும் போட்டான். அது மாமாவுக்குப் புரியாவிட்டாலும் பிடித்திருந்தது.

பாஸ்வேர்ட் வைக்கச் சொன்ன அன்று ஊரில் ஒரு உண்மை வெளிப்பட்டது. ஒரே குலதெய்வம், ஆகையால் ஒரே பாஸ்வேர்ட். தெற்குத் தெரு பூராவும் சுடலைமாடன், பின்னால் 123. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மூன்று கோடியே இருபது லட்சம் பாஸ்வேர்டுகளை அப்படியே எழுத்து மாறாமல் சேமித்து வைத்திருந்தார்கள். மொத்தமும் திருடு போனது. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. சுடலைமாடனாவது காவல் தெய்வம்.

மருமகன் பாஸ்வேர்டைச் சேமிக்கவில்லை. நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மாசியேர் இருவரும் 1999இல் வெளியிட்ட பிகிரிப்ட் முறையில், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்து அரைத்து, திரும்பப் பிரிக்க முடியாத வடிவத்தில் வைத்தான். தெரு முழுக்க ஒரே சாமி பெயரைத் தட்டினாலும் டேட்டாபேஸில் ஒன்று போல் ஒன்று இருக்காது. அந்த முறையை வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி எழுதியிருக்கிறார்கள். திருடன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும்போது அவன் பொறுமை போக வேண்டும் என்பது கணக்கு.

பாஸ்வேர்ட் மறந்தால்? ‘உங்கள் அம்மா பிறந்த ஊர் எது’ என்று ரகசியக் கேள்வி வைக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அந்த ஊரில் அடுத்தவர் அம்மா பிறந்த ஊர் தெரியாத ஒரே ஆள், மாற்றலாகி வந்திருக்கும் வங்கி மேலாளர். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2008இல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தது, அவர் கணவரை முதலில் சந்தித்த இடம் போன்ற கேள்விகளுக்கு இணையத்திலேயே பதில் தேடித்தான். சரி, ஓடிபி அனுப்பலாம் என்றால், பெரியவர்கள் பலர் கொடுத்திருந்தது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண். ஓடிபி திருப்பூருக்குப் போகும். மகன் நைட் ஷிஃப்டில் இருப்பான்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அணை நிலவரத்தைப் போலவே பாக்கிப் பக்கத்தையும் ஒருமுறை தயாரித்து எல்லாருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் பார்த்தவரின் கணக்கு அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் போகும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் இதுதான் நடந்தது. தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி கொடுக்கும் கேச் அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால் ஒருவர் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 34,000 பேர் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. அங்கே தெரிந்தது மின்னஞ்சல் முகவரி, வாங்கிய பொருள் போன்றவை. இங்கே பெரியப்பாவின் மிஷின் பாக்கி சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தை மாதக் கல்யாணம் நிற்கும். ஆகவே பொதுவான பக்கத்துக்குக் கேச் உண்டு, ஆள் பெயர் வருகிற பக்கத்துக்குக் கிடையாது என்று மருமகன் கோடு கிழித்தான்.

இன்னொன்று, எல்லார் பாக்கியையும் பிரவுசருக்கு அனுப்பிவிட்டு அவரவருடையதை மட்டும் திரையில் காட்டுவது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கல்லூரிப் பையன் ஒருவன் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் ஊர்க் கணக்கே அவன் கையில். அதனால் வரிசை முக்கியம். முதலில் சீட்டைப் பார், யாரென்று தெரிந்துகொள், அவர் கணக்கை மட்டும் எடு, பிறகு பக்கத்தைக் கட்டு. பக்கத்தின் இணைய முகவரியில் இருக்கும் எண்ணையும் நம்பக் கூடாது. 2019இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் முகவரியின் கடைசி எண்ணை மாற்றினாலே அடுத்தவர் ஆவணம் திறந்தது. இப்படித் திறந்து கிடந்தவை 88 கோடிக்கு மேல். ஊரில் 17ஆம் கணக்கு எண்காரர் முதல் நாளே முகவரியில் அதை 18 என்று மாற்றிப் பார்த்தார். 18 அவருடைய பங்காளி. கதவு திறக்கவில்லை. “இது சரிப்படாது” என்று மாமாவிடம் முறையிட்டுப் போனார்.

 

கடைசியாக எழுந்தது, யார் அட்மின் என்ற பிரச்சினை. உள்ளே வந்தவர் யார் என்பது ஒன்று, அவர் எதைத் தொடலாம் என்பது வேறு. இதைக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பந்தியில் உட்காருகிற எல்லாரும் ஆக்குப்புரைக்குள் நுழைய முடியாது. ஆனால் ஊரில் இருந்த பெரிய தலைகள் எல்லாருமே தாங்கள்தான் அட்மின் என்றார்கள். ஒருவரை விட்டால் கோயில் கொடை வரைக்கும் பேச்சு நின்றுவிடும்.

மருமகன் யோசித்தான். பிரவுசரில் ஒரு பொத்தானை ஒளித்து வைத்தால் அது பாதுகாப்பு ஆகாது என்பது அவன் படித்த பாடம். பொத்தானைக் காட்டினால் அது அதிகாரமும் ஆகாது, அனுமதியைச் சோதிப்பது செர்வர்தானே. பெரியவர்கள் அத்தனை பேர் பெயருக்குப் பக்கத்திலும் ‘நிர்வாகி’ என்று தடித்த எழுத்தில் வந்தது. கீழே பச்சை நிறத்தில் ‘திருத்து’ என்று ஒரு பொத்தான். உண்மையான அனுமதி, கணக்கு எழுதுகிற இரண்டு பேருக்கு மட்டும். மற்றவர்கள் அழுத்தினால் செர்வர் மறுத்துவிடும். திரையில் மட்டும் ‘தங்கள் உத்தரவு பரிசீலனையில் உள்ளது’ என்று வரும். மாமாவும் ஒரு நிர்வாகி. தினமும் காலையில் மணிமுத்தாற்றை இரண்டு அடி உயர்த்தி உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்.